தாளவாடி மண் வழிக்கு லிஃப்ட் கிட்: அறுபதாயிரத்தை எங்கே போடுவது?

கோபியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். தாளவாடிப் பக்கம் ஆறு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்து முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும் போடுகிறார்களாம். வண்டி 2021 மாடல் இசுசு வி-கிராஸ், நாலு சக்கர டிரைவ், 18 இன்ச் வீல். தார் ரோடு முடிந்து தோட்டம் வரை மூன்று கிலோமீட்டர் மண் வழி. மழை பெய்தால் டிராக்டர் தடம் ஆழமாகி அடியில் இடிக்கிறது. "மூன்று இன்ச் தூக்கலாம் என்று இருக்கிறேன். கையில் 60,000 ரூபாய். வெளிநாட்டு கிட் முழுசாகப் போட்டால் லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு கடையில் ஸ்பேசரும் பிளாக்கும் போட்டு இந்தப் பணத்தில் கால்வாசியில் முடித்துத் தருகிறேன் என்கிறார்கள். எதை எடுக்கலாம்?" இதுதான் கேள்வி.

மூன்று இன்ச் வேண்டாங்க. ஒன்றரை போதும், மீறிப்போனால் இரண்டு. அதையும் ஸ்பேசர் வைத்துத் தூக்காமல், சுமைக்கு ஏற்ற ஸ்பிரிங்கும் அதற்கு ஏற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பரும் போட்டுத் தூக்குங்கள். ஆனால் எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அடியில் இடிக்கிறது என்கிறீர்களே, எது இடிக்கிறது? அதைப் பார்த்தீர்களா?

டிராக்டர் தடம் என்பதால் கேட்கிறேன். டிராக்டர் சக்கரம் உழுதுபோன இடம் இரண்டு வாய்க்கால் மாதிரி ஆகிவிடும், நடுவில் மண் மேடாக நிற்கும். நம் வண்டி அதில் இறங்கினால் அந்த நடுமேட்டில் முதலில் உரசுவது பெரும்பாலும் பின் ஹவுசிங்கின் குண்டுதான், அதாவது பின் ஆக்ஸிலின் நடுவில் டிஃபரன்ஷியல் பல்சக்கரங்கள் இருக்கும் உருண்டை. அந்தக் குண்டு ஸ்பிரிங்குக்குக் கீழே, சக்கரங்களோடு சேர்ந்து நிற்கிறது. நீங்கள் மூன்று இன்ச் தூக்கினாலும் ஆறு இன்ச் தூக்கினாலும் அது ஒரு நூல்கூட மேலே வராது. சேஸிஸ் ஏறும், தொட்டி ஏறும், நீங்களும் ஏறுவீர்கள். ஹவுசிங் நின்ற இடத்திலேயே நிற்கும். அதை உயர்த்த வேண்டுமானால் டயர்தான் உயர வேண்டும். முன்பக்கம் கதை வேறு. உங்கள் வண்டியில் முன் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு கட்டப்பட்டிருப்பதால், தூக்கினால் அதுவும் கூடவே ஏறும்.

அதனால் அடுத்த மழைக்குப் போய் வந்ததும் வண்டியைக் கழுவாமல் அடியில் படுத்துப் பாருங்கள். மண் வழித்துவிட்ட மாதிரி பளபளப்பாக இருக்கும் இடம்தான் இடிக்கிற இடம். இல்லையென்றால் சாக்பீஸை நன்றாகத் தேய்த்துவிட்டு ஒரு நடை போய் வாருங்கள், எங்கே அழிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஹவுசிங் மட்டும் என்றால் லிஃப்ட் கிட் பேச்சையே விட்டுவிடலாம். பக்கத்து ஃபுட்போர்டு என்றால் கழற்றி வீட்டில் வையுங்கள், செலவே இல்லை. பின்னால் இழுவைக் கொக்கி என்றால் அதுவும் கழற்றக்கூடியதுதான். கியர்பாக்ஸ் குறுக்குச் சட்டமோ டீசல் டேங்கோ முன் பம்பருக்கு அடியில் உள்ள தகடோ என்றால்தான் லிஃப்ட் உங்களுக்கு உதவும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்று கிலோமீட்டரும் ஒரே மாதிரி மோசமாக இருக்காது. மோசமான இடம் நாலைந்துதான் இருக்கும். அந்த வழியில் போகிற நாலு தோட்டக்காரர்கள் சேர்ந்து இரண்டு மூன்று லோடு சரளை கொட்டி, டிராக்டர் பிளேடு வைத்து நடுமேட்டைச் சீவிவிட்டால், பல வருடத் தொந்தரவு ஒரு வாரத்தில் தீரும். அதற்கு முன்னால் வழி யாருடையது என்று விசாரியுங்கள். அங்கே காட்டை ஒட்டிய நிலம் அதிகம். சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் 2013-இல் அறிவிக்கப்பட்ட பகுதி. வனத்துறை வழியில் ஒரு கூடை மண்கூடக் கேட்காமல் கொட்ட முடியாது. நம் ஊர் இட்டேரியில் செய்கிற மாதிரி நினைத்துக்கொண்டு செய்துவிடாதீர்கள்.

சரி, வழியைச் சரிசெய்ய முடியாது, இடிப்பதும் நடு வயிறுதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது டேப்பை எடுங்கள். மஞ்சள் காய வைக்கிற சிமெண்ட் களம் இருக்கிறதல்லவா, அதில் வண்டியை நேராக நிறுத்துங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். ஒவ்வொரு சக்கரத்திலும் வீலின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம், டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். முதலில் காலி வண்டி. அப்புறம் நீங்கள் வழக்கமாக ஏற்றும் சுமையோடு, ஆட்களும் உட்கார்ந்திருக்க. காலிக்கும் சுமைக்கும் பின்னால் எத்தனை சென்டிமீட்டர் இறங்குகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கு முக்கால்வாசிப் பதில்.

ஏனென்றால் பிக்கப் வைத்திருக்கும் விவசாயிகளில் பெரும்பாலோருக்கு உயரக் குறைவு பிரச்சினையில்லை, தொய்வுதான் பிரச்சினை. உங்கள் வண்டி கம்பெனியிலிருந்து தரைக்கும் அடிக்கும் 225 மில்லிமீட்டர் இடைவெளியோடு வந்தது. பின்னால் ஆறேழு மூட்டை உரமும் டீசல் கேனும் மருந்தடிக்கிற மோட்டாரும் ஏற்றினால் பின்பகுதி இறங்கி உட்கார்ந்துவிடும். வி-கிராஸின் பின் ஸ்பிரிங் ஆட்கள் சொகுசாகப் போவதற்காக மென்மையாக அமைத்தது, சரக்கு வண்டிக்கான கட்டு இல்லை. வண்டிப் புத்தகத்தில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று போட்டிருக்கிறது, எடுத்துப் பாருங்கள். தொட்டியின் அளவைப் பார்த்து நாம் மனதில் போட்டுவைத்திருக்கும் கணக்குக்கும் அதற்கும் வெகுதூரம். அந்த அளவை ஸ்பிரிங் மாற்றிக் கூட்ட முடியாது. ஆக்ஸில், பிரேக், சேஸிஸ் எல்லாம் அதே பழையதுதானே.

இப்போது கிட் விஷயத்துக்கு வருவோம். கடையில் 'லிஃப்ட் கிட்' என்ற ஒரே பெயரில் மூன்று நாலு வேறு வேறு சாமான்களை விற்கிறார்கள்.

பாடி லிஃப்ட் என்பது கேபினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் நைலான் அல்லது அலுமினியக் குட்டைகள் வைத்து உடலை மட்டும் தூக்குவது. பெரிய டயர் போட இடம் கிடைக்கும். சேஸிஸ் அதே உயரத்தில்தான் நிற்கும், உங்கள் வயிறு இடிப்பது நிற்காது. உங்களுக்கு அது தேவையே இல்லை.

அடுத்தது அந்தக் கடைக்காரர் சொன்ன ஸ்பேசரும் பிளாக்கும். முன்னால் ஷாக்கும் சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்த கட்டுக்கு மேலே ஒரு தடித்த வளையம் வைப்பார்கள், அதுதான் ஸ்பேசர். அந்தக் கட்டு, சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் நடுப்பக்கம் உட்கார்ந்திருப்பதால், ஒரு இன்ச் வளையம் சக்கரத்தில் ஒன்றரை முதல் இரண்டு இன்ச் வரை தூக்கிக் காட்டும். மலிவு, இரண்டு மணி நேர வேலை. ஆனால் ஸ்பிரிங் அதேதான், ஷாக் அதேதான். மொத்தக் கட்டும் கீழே தள்ளப்படுகிறது, அவ்வளவுதான். பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது கம்பெனி நினைத்ததைவிடக் கீழே போகும். முன் சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் ஆக்ஸிலின் மூட்டான சிவி ஜாயின்ட்டும் மேல் பால் ஜாயின்ட்டும் தாங்கக்கூடிய கோணத்தைத் தாண்டும். மேட்டில் ஏறி அமுங்கும்போது, ஸ்டாப்பர் ரப்பர் தொடுவதற்கு முன்னாலேயே ஷாக் உள்ளே முட்டிக்கொள்ளும். ஆறு மாதம் ஒன்றும் தெரியாது. அப்புறம் சிவி ஜாயின்ட்டின் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் சிதறியிருப்பதைப் பார்ப்பீர்கள். அதற்குள் மண் போய்விட்டால் ஆக்ஸில் செலவு. அரை இன்ச் ஸ்பேசர், ஒரு பக்கம் தாழ்ந்த வண்டியைச் சமப்படுத்த என்றால் நானே போட்டிருக்கிறேன். தூக்குவதற்காக என்றால் வேண்டாம்.

பிளாக் என்பது பின்னால் ஸ்பிரிங் பட்டைக் கட்டுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் வைக்கும் இரும்புக் குட்டை. நீள யூ போல்ட் போட்டு இறுக்குவார்கள். பின் ஆக்ஸிலில், ஒரு இன்ச் ஒன்றரை இன்ச்சுக்கு, ஒரே துண்டாக வார்த்த குட்டை என்றால் சகித்துக்கொள்ளலாம்; நிறைய பிக்கப்புகள் கம்பெனியிலிருந்தே சிறு குட்டையோடு வருகின்றன. ஆனால் குட்டை உயர உயர, வேகமாகக் கிளட்சை விடும்போதும் ஏற்றத்தில் முறுக்கும்போதும் ஹவுசிங் தன் அச்சில் திரும்பப் பார்க்கும், பட்டை எஸ் வடிவத்தில் வளையும், புரொப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ் சீக்கிரம் போகும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குட்டை அடுக்குவதும், முன்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள ஜீப்பின் முன் ஆக்ஸிலில் குட்டை வைப்பதும் உயிரோடு விளையாடுவது. எந்தப் பட்டறையாவது அதற்குச் சரி என்றால் அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

என் சொந்தக் கதை ஒன்று. பழைய மகிந்திரா எம்எம் 540 வைத்திருந்தேன், நாலு பக்கமும் பட்டை ஸ்பிரிங். காசில்லாத காலம், ஆசை மட்டும் நிறைய. ஒரு பட்டறையில் ஷேக்கிளை, அதாவது பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு கோக்கும் ஆடும் இணைப்பை, நாலு இன்ச் நீட்டிக் கொடுத்தார்கள். ஷேக்கிள் நீட்டினால் கிடைக்கும் உயரம் அதில் பாதிதான், எனக்கும் இரண்டு இன்ச்தான் கிடைத்தது. ஆனால் அந்த ஜீப்பில் முன் ஸ்பிரிங்குக்கு ஷேக்கிள் முன்முனையில் இருக்கும். அதை நீட்டியதில் ஆக்ஸில் முன்பக்கமாகச் சாய்ந்து, ஸ்டீயரிங் தானாக நேர்கோட்டுக்குத் திரும்பும் குணமே போய்விட்டது. அந்தியூர் ரோட்டில் ஐம்பதைத் தாண்டினதும் ஒரு சின்னக் குழி, ஸ்டீயரிங் கையை உதறிக்கொண்டு ஆடியது பாருங்கள், பக்கத்தில் இருந்த மச்சான் கதவைத் திறந்துவிட்டார். அடுத்த நாளே பழைய ஷேக்கிளை மாட்டினேன். அந்தப் பட்டறையை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன், கேட்டது நான்தானே.

மூன்றாவது வழி ஸ்பிரிங்கையே மாற்றுவது. இதுதான் உண்மையான சஸ்பென்ஷன் லிஃப்ட். பின்னால் பட்டைக் கட்டு, முன்னால் சுருள், நாலு ஷாக், புஷ், யூ போல்ட் எல்லாம் சேர்ந்து வரும். ஆஸ்திரேலியாவின் ஓல்ட் மேன் எமு, அயர்ன்மேன், டஃப் டாக், டாபின்சன்ஸ், தாய்லாந்தின் புரோஃபெண்டர் என்று பெயர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். உங்கள் வி-கிராஸின் வெளிநாட்டுப் பெயரான டி-மேக்ஸ் அந்த இரண்டு நாட்டிலும் நிறைய ஓடும் வண்டி என்பதால் அதற்குச் சாமான் பஞ்சமில்லை. இந்தக் கம்பெனிகளின் பட்டியலைப் பார்த்தால், 'எத்தனை இன்ச்' என்பதற்கு முன்னால் 'எவ்வளவு நிரந்தரச் சுமை' என்றுதான் பிரித்திருப்பார்கள். நிரந்தரம் என்றால் எப்போதும் வண்டியில் இருப்பது. முன்னால் இரும்பு பம்பர், வண்டியை இழுக்கும் வின்ச் மோட்டார் இருக்கிறதா? பின்னால் எப்போதும் பெட்டி, தண்ணீர் டேங்க் இருக்கிறதா? இதைச் சொன்னால்தான் ஸ்பிரிங்.

இங்கேதான் நம்மவர்கள் தவறுகிறார்கள். கனமான ஸ்பிரிங் வாங்கினால் காலி வண்டி இன்னும் உயரமாக நிற்கும் என்று, தேவையில்லாத கனத்தை வாங்கிவிடுகிறார்கள். நிற்கும்தான். ஆனால் மூட்டை இல்லாத நாளில் சத்தியிலிருந்து கோபி வருவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். ரேக்ளா வண்டிக்கும் இதற்கும் வித்தியாசம் மாடு மட்டும்தான். அதோடு, ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்காது. நாலில் ஒன்று அந்தரத்தில் சுற்றும், வண்டி நகராது. மண் வழிக்கு வேண்டியது உயரத்தைவிட, நாலு சக்கரமும் தரையைத் தொட்டுக்கொண்டே இருப்பது. உங்களுக்கு முன்னால் இரும்பு பம்பர் இல்லை என்று நினைக்கிறேன். அப்படியானால் முன்னால் லேசான வகை. பின்னால் நடுத்தர வகை. அதுவும் வாரத்தில் நாலு நாளாவது சுமையோடு போனால் மட்டும். சுமை எப்போதாவதுதான் என்றால் பின்னாலும் லேசானதே.

முழு வெளிநாட்டுக் கிட் உங்கள் கணக்குக்குள் அடங்காது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். பரவாயில்லை, பிரித்து வாங்கலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதல் பணத்தைப் பின் ஸ்பிரிங்கில் போடுவேன், ஏனென்றால் உங்கள் தொய்வு அங்கேதான். இதற்கு உள்ளூரில் வழி இருக்கிறது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு எல்லாம் லாரியும் போர்வெல் ரிக்கும் கட்டி வாழ்ந்த ஊர்கள். பட்டை ஸ்பிரிங் வேலை தெரிந்த கைகள் அங்கே இருக்கும் அளவுக்கு வேறெங்கும் பார்த்ததில்லை. இருக்கும் கட்டோடு இன்னும் ஒரு பட்டை சேர்ப்பது அவர்களுக்கு அரை நாள் வேலை. ஆனால் மூன்று விஷயம் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். சேர்க்கும் பட்டை குட்டையாக இருக்கக் கூடாது. குட்டைப் பட்டை முடியும் இடத்தில் மேல் பட்டை ஒரே புள்ளியில் வளைந்து வளைந்து அங்கேயே வெடிக்கும். நீளமாக, கட்டின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும். தடிமன் லாரிப் பட்டை அளவில் வேண்டாம். பழைய சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் குப்பைக்கு, புதியதுதான் போட வேண்டும். ஒருமுறை இழுத்து இறுக்கிய யூ போல்ட் நீண்டுபோயிருக்கும், மறுபடி பிடிக்காது.

பட்டையைச் சுத்தியலால் அடித்து மறுபடி வளைவு ஏற்றித் தருவதும் உண்டு. லாரிக்கு அது ஓடும், லாரிக்காரர் வருடத்துக்கு ஒருமுறை செய்துகொள்கிறார். பிக்கப்பின் மெல்லிய பட்டையில் அந்த வளைவு சில மாதத்தில் மறுபடி தொய்ந்துவிடும். கேஸ் விளக்கில் பழுக்கக் காய்ச்சி வளைத்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விடும். நெருப்பைக் கண்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது பணம் ஷாக்குக்கு. இதில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒன்றரை இன்ச் தூக்கிவிட்டு பழைய ஷாக்கையே விட்டால், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது ஷாக் முழு நீளத்துக்கும் இழுபட்டு 'டக்' என்று ஒவ்வொரு முறையும் அடிக்கும். கொஞ்ச நாளில் எண்ணெய் கசியும். தூக்கின உயரத்துக்கு ஏற்ற நீளம் வேண்டும். தனி எண்ணெய்க் குடுவை தொங்கும் பந்தய ஷாக் எல்லாம் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விரட்டுகிறவர்களுக்கு, எண்ணெய் கொதிக்காமல் இருக்க. மூன்று கிலோமீட்டரை இருபது நிமிடத்தில் கடக்கும் நமக்கு வாயு நிரப்பிய சாதாரண இரட்டைக் குழாய் ஷாக் தாராளம். கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் கழற்றிய ஸ்பிரிங் நல்லதாகக் கிடைத்தால் அளந்து பார்த்து வாங்கலாம், தப்பில்லை. ஷாக்கை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். அது உள்ளே செத்திருப்பது வெளியே தெரியாது.

மூன்றாவதாக முன் சுருள் ஸ்பிரிங். கை இறுகினால் இதை அடுத்த அறுவடைக்குத் தள்ளலாம். பின்னால் ஒரு இன்ச் உயர்ந்து முன்னால் அப்படியே இருந்தால் காலி வண்டி மூக்கைக் குத்தியபடி நிற்கும், பார்க்க அழகாக இருக்காது, சுமை ஏறினால் சரியாகிவிடும். முன்னால் தூக்கும்போது ஒன்றரை இன்ச் வரை பெரும்பாலும் கம்பெனி அப்பர் ஆர்மிலேயே அலைன்மென்ட் பிடித்துவிடலாம். இரண்டைத் தாண்டினால் வேறு அப்பர் ஆர்ம், டிஃபரன்ஷியலை இறக்கும் பிராக்கெட் என்று கிட்டின் விலை குட்டி போடும். உங்கள் 60,000-க்கு மூன்று இன்ச் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் தாளவாடிக்கு ஏறும் திம்பம் மலைப்பாதை. பண்ணாரியில் கும்பிட்டுவிட்டு ஏறினால் 27 கொண்டை ஊசி வளைவு. வாரம் இரண்டு முறை முட்டைக்கோஸ் மூட்டையோடு அதில் இறங்குகிறீர்கள். ஒரு சின்னக் கணக்கு: வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டரில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு சென்டிமீட்டர் தூக்கினால், கவிழாமல் தாங்கும் திறன் ஐந்து சதவீதம் சொச்சம் குறைகிறது. மூன்று இன்ச், அதாவது ஏழரை சென்டிமீட்டர் தூக்கினால் ஏறத்தாழ பத்து சதவீதம். தொட்டியில் உயர அடுக்கிய மூட்டை இதற்கு மேல். எதிரே கரும்பு லாரி வரும்போது சட்டென்று ஒடிக்க வேண்டிவரும், அப்போது அந்தப் பத்து சதவீதம் கணக்கில் வரும். இத்தனைக்கும் ஒன்றரை இன்ச்சில் உங்கள் வண்டிக்கு நடுமேட்டைத் தாண்டும் கோணம் ஏறத்தாழ மூன்று டிகிரிதான் கூடும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 3,095 மில்லிமீட்டர் நீளமுள்ள வண்டி. என்ன தூக்கினாலும் அது குட்டையான மாருதி ஜிப்ஸி ஆகாது.

டயர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, ஹவுசிங்கை உயர்த்துவது அது ஒன்றுதான் என்று சொன்னேனே. உங்கள் 255/60 ஆர்18 டயரின் விட்டம் 763 மில்லிமீட்டர். 265/60 போட்டால் 775. விட்டத்தில் 12 கூடினால் ஹவுசிங் ஏறுவது பாதி, ஆறு மில்லிமீட்டர். சிரிப்பு வரும், ஆனால் உண்மை அதுதான். 265/65 போட்டால் 802, அப்போது ஹவுசிங் 19 மில்லிமீட்டர் உயரும். ஆனால் ஸ்பீடோமீட்டர் ஐந்து சதவீதம் குறைத்துக் காட்டும், ஏற்றத்தில் இழுவை குறையும், சக்கரத்தை முழுக்கத் திருப்பும்போது உள் மட்கார்டில் உரசலாம். நான் சொல்வது, இருக்கிற டயர் தேயும்வரை ஓட்டுங்கள். மாற்றும்போது அதே அளவிலோ 265/60-இலோ தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரைன் பட்டன் டயர் போடுங்கள். அதுவரை மண் வழி தொடங்கும் இடத்தில் காற்றை 20 பிஎஸ்ஐ வரை இறக்கிவிட்டு, தார் ரோடு ஏறியதும் கையடக்க கம்ப்ரசரில் ஏற்றிக்கொள்ளுங்கள். ஈர மண்ணில் லிஃப்ட் கிட் கொடுக்காத பிடிமானத்தை இது கொடுக்கும். பத்து நிமிடம் சோம்பல் படுவதால்தான் பலர் செய்வதில்லை.

மாட்டும் நாளில் பட்டறையில் பக்கத்திலேயே இருங்கள். சக்கரம் முழுவதும் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா, ஏபிஎஸ் ஒயர் இழுபடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். சில பிக்கப்புகளில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் ஒரு கம்பியோடு பிரேக் வால்வு இருக்கும். வண்டி எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் என்று அதுதான் முடிவு செய்யும். வண்டியைத் தூக்கிவிட்டால் அது 'தொட்டி காலி' என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். சுமையோடு திம்பம் இறங்கும்போது முன் பிரேக் தனியாக வேகும். உங்கள் வண்டியில் அப்படி இருந்தால் அந்தக் கம்பியின் பிராக்கெட்டையும் அதே அளவு மாற்றி வைக்க வேண்டும். இதைக் கேட்டால் கடைக்காரர் முழித்தார் என்றால் கடையை மாற்றுங்கள். புஷ் போல்ட்டுகளை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கக் கூடாது, தரையில் எடை தாங்கி நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு. இல்லையென்றால் புஷ் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழியும். அப்புறம் அலைன்மென்ட், அப்புறம் ஹெட்லைட்டைத் தாழ்த்துவது. 500 கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். புதுப் பட்டைகள் உட்கார்ந்து இறுக்கம் தளர்ந்திருக்கும்.

சட்டம் ஒன்று இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 'ஒன்றரை இன்ச் யாருக்குத் தெரியும்' என்பார்கள். ரோட்டில் தெரியாமல் போகலாம். விபத்து நடந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து அடியில் குனியும்போது தெரியும். வேலைக்கு முன்னால் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். கம்பெனி வாரண்டி மிச்சமிருந்தால் அதையும் பாருங்கள். அதே அளவு மாற்று ஷாக்கும் அடியில் தகடும் டயர் காற்றும் மட்டுமே உங்களுக்குப் போதும் என்று முடிவானால் இந்தத் தலைவலியே இல்லை. கியர்பாக்ஸுக்கும் டேங்குக்கும் அடியில் நாலு மில்லிமீட்டர் தகடு வைத்துக் கட்ட கோவை கணபதியில் எத்தனையோ லேத், வெல்டிங் பட்டறைகள் இருக்கின்றன. எண்ணெய் இறக்கும் இடத்தில் ஓட்டை விடச் சொல்ல மறக்காதீர்கள். இடிக்கட்டும், ஆனால் உடையாது.

பள்ளத்தில் தண்ணீர் வரும்போது கடக்க லிஃப்ட் உதவுமா என்று அடுத்து கேட்பீர்கள். தூக்கினாலும் வண்டிக்கு இறக்கை முளைக்காது, ஓடும் தண்ணீர் தள்ளிக்கொண்டு போகும். இறங்காமல் நில்லுங்கள்.

முதலில் அந்தக் களத்தில் நிறுத்தி நாலு சக்கரத்துக்கும் காலியில் ஒன்று, சுமையோடு ஒன்று என்று எட்டு அளவு எடுத்து எழுதி அனுப்புங்கள். சுமை எத்தனை கிலோ, அடியில் எந்த இடம் வழித்திருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எந்த எடை ஸ்பிரிங் என்று அப்போது சொல்கிறேன். அதுவரை அந்த ஸ்பேசர் கடைக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.